துண்டு போட்ட இடம்

ஒரே பிஸ்கட் டப்பாவில் இரண்டு அட்டைகள்.
செல்வக்கனியுடையது மேலே,
என்னுடையது அடியில்,
மின்கட்டண ரசீதுக்குக் கீழே.
இரண்டும் ஒரே பொருளைத்தான் தேடிப் போகின்றன,
ஒன்று வழிமறிக்க,
ஒன்று போகவிடாமல் பிடித்துவைக்க.
செரட்டோனின்.
பெயரைக் கேட்டால்
ஆண்டாப் ஹில் முனையில்
சீட்டுப் பிடிக்கிறவள் பெயர் மாதிரி இருக்கிறது.

மூளையில் இருப்பது கொசுறு.
நூற்றுக்குத் தொண்ணூறு குடலில் இருக்கிறதாம்.
வயிறு எரியுது,
வயித்தக் கலக்குது,
பெத்த வயிறு பதறுது என்று
நம் ஆட்கள் சொல்லிவந்ததெல்லாம்
இப்போது எறும்பெழுத்தில்,
மருந்துப் பெட்டிக்குள்
எட்டாய் மடித்த தாளில்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பரேலில்
அவள் கைநரம்பில் சிவப்பு மருந்து இறங்குகிறது.
அது குடல்சுவரைப் போய் உலுக்குகிறது.
உலுக்கியதும் அங்குள்ள செல்கள்
மடியில் கட்டிவைத்ததையெல்லாம் கொட்டிவிடுகின்றன.
பக்கத்திலேயே நரம்பின் நுனியில் இருக்கைகள்.
கொட்டியது வந்து உட்கார்ந்தால் போச்சு,
செய்தி கழுத்துவழி ஏறி
பக்கெட்டைத் தேடவைக்கும்.
அவள் மாத்திரை அரைமணி முந்திப் போய்
அந்த இருக்கைகளில் துண்டு போட்டுவிடுகிறது.
உட்கார ஆளில்லை, எழுந்திருக்கவும் ஆளில்லை.
வெறும் துண்டு.
மற்றதெல்லாம் நின்றுகொண்டே பயணம்.

என்னுடையது வேறு சங்கதி.
சாயங்காலம் தாதரில் இறங்கப் பார்த்திருக்கிறீர்களா?
ஒரு கால் பிளாட்பாரத்தில் பட்டிருக்கும்.
ஏறுகிற கூட்டம் அப்படியே அள்ளி
வந்த பெட்டிக்குள்ளேயே திணித்துவிடும்.
அப்படித்தான் ஒருநாள்
மாட்டுங்கா வரை போனேன், சயான் வரை போனேன்,
இறங்கத் தோன்றவில்லை.
கல்யாணில் விளக்கணைத்த பெட்டியிலிருந்து
ரயில்வே போலீஸ்காரன் எழுப்பிவிட்டான்.

டாக்டர் ஷிரோட்கர் படம் போட்டுக் காட்டினார்.
ஒரு செல் இறக்கிவிடுகிறது,
எதிர்க்கரை சேருமுன் தானே இழுத்துக்கொள்கிறது.
இழுக்கும் வாசலை மாத்திரை அடைக்குமாம்.
அது குறைந்துபோனதால்தான் இப்படியா என்றேன்.
"அவ்வளவு சுலபம் என்றால்
நான் எப்போதோ கடையை மூடியிருப்பேன்."
பலன் தெரிய ஒரு மாதம் ஆகலாம்,
குமட்டல் முதல் வாரமே வரும் என்றார்.

வீட்டில் சொல்லவில்லை.
இமைமுடிகூட இல்லாமல் இருப்பவளிடம்
எனக்கு மனசு சரியில்லை என்று
எந்த வாயால் சொல்வது?

ஒன்பதாம் நாள், இரவு இரண்டே முக்கால்.
அவளுடைய பக்கெட்டில் நான் குனிந்திருந்தேன்.
பின்னால் விளக்கு எரிந்தது.
"எத்தன நாளா?"
"என்னது?"
"ஒம்போது ஓட்ட இருக்கு அட்டையில. எண்ணிட்டேன்.
இந்த வீட்டுல கரண்டு பில்லு கட்டுறது யாரு?"
வாய் கொப்பளித்தேன்.
"என்னுதுல ஒண்ணு போட்டுக்கிடுங்க."
"ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதுன்னு தாள்ல எழுதியிருக்கு."
"அந்தத் தாளப் படிச்சுத்தான் வாந்தியே வந்திருக்கும்."
சிரித்தாள். சிரித்ததில் அவளுக்கும் குமட்டியது.
ஒரு பக்கெட், இரண்டு பேர்,
முறை வைத்து.

காலையில் சவரம் செய்யும்போது தாடை கிழிந்தது.
சின்னக் கீறல்தான், நிற்க மாட்டேன் என்கிறது.
குடல்பக்கம் ஓடும்போது பிளேட்லெட்டுகள்
இதே பொருளைக் கொஞ்சம் பைக்குள் சேர்த்துக்கொள்ளும்.
எங்கே கிழிகிறதோ அங்கே கொட்டி
இரத்தக் குழாயை இறுக்கும்.
அவளுக்கு எண்ணிக்கை குறைவு,
எனக்குப் பை காலி,
அந்த வாசலையும் என் மாத்திரை அடைத்துவிட்டதால்.

ஊசி ஏறி ஏறிக் கருநீலம் படிந்த கையால்
ரசீதின் ஓரத்தைக் கிழித்து
எச்சில் தொட்டு என் தாடையில் ஒட்டி
விரலை எடுக்காமல் நின்றாள்.
"பேசாதீங்க, விட்டுப்போகும்."
பேசவில்லை.
ஏழு ஐம்பத்திரண்டு வண்டி போய்விட்டது.